பத்துக்கு மூணு

செப்டம்பர். அதிகாலை நாலே முக்கால். பெசன்ட் நகர், எலியட்ஸ் கடற்கரை. கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் வெள்ளைச் சுவர் இருட்டிலும் தெரிகிறது. 1930இல், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானும் மூழ்கிய டென்மார்க்காரருக்காக எழுப்பியது. அதனடியில் நாய்கள் தூங்குகின்றன.

கார்கள் வந்து நிற்கின்றன. கதவு திறக்கிறது. ஒரு கால் வெளியே வருகிறது. தரையைத் தொட்டுப் பார்க்கிறது. சற்றுப் பொறுத்து அடுத்த கால்.

"கால் எப்படி இருக்கு?"

"பரவால்ல. உங்களுக்கு?"

"முட்டி கொஞ்சம்."

குட் மார்னிங் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தெருவிளக்கின் கீழ் இருபது பேர் சேர்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே கறுப்புப் பட்டை கட்டிய பெண். கெண்டைக்கால் நெடுக நீல டேப் ஒட்டிய ஒரு பெரியவர். மஞ்சள் தொப்பி போட்ட இளைஞன் குனிந்து கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பைத் தடவிக்கொள்கிறான். யாரோ பார்க்கிறார்கள். நிமிர்ந்துவிடுகிறான்.

"ஷின். ஒண்ணுமில்ல."

வெறுங்காலோடு ஓடுபவர் ஒருவர் இருக்கிறார். அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வாங்கியதைச் சொல்கிறார். வாராவாரம் சொல்கிறார்.

"நாலு வருஷம் கழிச்சு டோக்கியோல ஷூ போட்டுத்தான் ஓடினாரு," என்கிறார் நீல டேப்.

"அங்கயும் தங்கம்தானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இருவரும் கடலைப் பார்க்கிறார்கள். பிகிலா டோக்கியோவில் ஓடியபோது குடல்வால் அறுவை முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. இந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி அது. மிகவும் பிடித்த செய்தியும்கூட. வெறுங்காலரின் சுண்டுவிரலில் பிளாஸ்திரி.

கோச் விசில் ஊதுகிறார். "இன்னிக்கு லாங் ரன். பதினெட்டு. வலிச்சா நிறுத்திடுங்க."

எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வாட்சில் பொத்தானை அழுத்துகிறார்கள். பீப். பீப். பீப்.

கடைசியாகக் கிளம்புபவர் ஆரஞ்சு நிற ஷூ அணிந்திருக்கிறார். நாற்பத்தெட்டு வயது இருக்கலாம். ஆடிட்டர் அலுவலகத்துக்காரர். இடது குதிகாலைத் தரையில் முழுதாக வைப்பதில்லை. முதல் கிலோமீட்டர் நெடுக அவருடைய ஷூக்கள் ஒரே மாதிரி சத்தம் எழுப்புவதில்லை. வலது தட். இடது தப். மூன்றாவது கிலோமீட்டரில் இரண்டும் தட் ஆகின்றன. முகம் தளர்கிறது. முன்னால் போகிறவரை எட்டிப் பிடிக்கிறார். அவருடைய டி-ஷர்ட்டின் முதுகில் பெரிதாக 42.195 என்று அச்சிட்டிருக்கிறது.

அந்த எண் 1908 லண்டன் ஒலிம்பிக்ஸில் வந்தது. ஓட்டம் வின்ட்சர் கோட்டையில் தொடங்க வேண்டும், அரங்கத்தில் அரச குடும்பம் அமர்ந்திருக்கும் இடத்துக்கு எதிரே முடிய வேண்டும். அளந்தால் அவ்வளவு வந்தது. 1921இல் அதையே விதியாக்கினார்கள்.

பதினெட்டு முடிகிறது. ஆரஞ்சு ஷூ நடைமேடையில் உட்கார்கிறது. இளநீர். கடலை மிட்டாய். பத்து நிமிடம் கழித்து எழுந்திருக்கிறார். பக்கத்தில் நின்றவரின் தோளில் கை போகிறது. சிநேகமாகப் போட்ட கை மாதிரியே இருக்கிறது.

*

அடுக்ககத்தின் இரண்டாவது மாடி. சமையலறை. ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிய தாள். பதினெட்டு வரிசை, ஏழு கட்டம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் எண்கள் ஏறுகின்றன: 14, 16, 18. நடுவே இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறுகின்றன: 24, 28, 32. கடைசி மூன்று வாரம் சரிகின்றன. கடைசிக் கட்டத்தில் எண் இல்லை. நட்சத்திரம் வரைந்திருக்கிறது.

திங்கள், வெள்ளிக் கட்டங்களில் 'ரெஸ்ட்' என்று அச்சாகியிருக்கிறது. நாலாவது வாரத்திலிருந்து அவை பேனாவால் அடிபட்டிருக்கின்றன. மேலே சின்ன எழுத்தில்: ஈஸி 5.

பக்கத்திலேயே மகளின் அரையாண்டுத் தேர்வு அட்டவணை. அதில் அடித்தல் திருத்தல் இல்லை.

காலை நாலு பத்து. அலாரம் ஒரு முறைதான் அடிக்கிறது. கட்டிலின் விளிம்பில் இரண்டு கால்கள் தொங்குகின்றன. வலது இறங்குகிறது. இடது தரைக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கிறது. கை சுவரைத் தேடுகிறது. பிறகு பீரோவின் கைப்பிடி. பிறகு கதவின் தாழ்ப்பாள். குளியலறை வாசலுக்குப் போய்ச் சேரும்போது நடை ஏறக்குறைய நடையாகியிருக்கிறது.

போர்வைக்குள்ளிருந்து குரல்.

"இன்னிக்கும் போறீங்களா?"

"நடக்கத்தான் போறேன்."

ஷூ லேஸ் இரட்டை முடிச்சு விழுகிறது.

*

அடையாறு. பிசியோதெரபி கிளினிக். முதல் மாடி. லிஃப்ட் இல்லை.

மாலை ஆறு மணிக்கு நாற்காலிகள் நிறைந்திருக்கின்றன. கழுத்துப் பட்டையோடு ஒருவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஓட்டுநர், காக்கிச் சட்டை. கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாத பாட்டி. மேஜை மேல் மனிதப் பாதத்தின் எலும்பு மாதிரி. மொத்தம் இருபத்தாறு எலும்பு இருக்க வேண்டும். சுண்டுவிரல் நுனியைக் காணோம். காத்திருந்த குழந்தைகள் யாராவது கழற்றியிருக்கலாம்.

பாட்டி ஆரஞ்சு ஷூக்களைப் பார்க்கிறாள்.

"கீழ விழுந்துட்டியாப்பா?"

"இல்லம்மா. ஓடினேன்."

"பஸ்ஸைப் பிடிக்கவா?"

"சும்மாதாம்மா."

பாட்டி ஆட்டோ ஓட்டுநரைப் பார்க்கிறாள். ஆட்டோ ஓட்டுநர் மின்விசிறியைப் பார்க்கிறார்.

டோக்கன் ஏழு. திரைக்குப் பின்னால் உயரமான கட்டில். பிசியோதெரபிஸ்டுக்கு முப்பது வயது இருக்கும். ஷூவைக் கையிலெடுத்துத் திருப்பி அடிப்பகுதியைப் பார்க்கிறார். வெளி ஓரம் தேய்ந்திருக்கிறது. ஷூவைக் கீழே வைத்துவிட்டுப் பாதத்தை எடுத்துக்கொள்கிறார். அதையும் அதே மாதிரி திருப்பிப் பார்க்கிறார்.

குதிகாலின் உட்பக்கம், வளைவு தொடங்கும் இடம். அங்கே கட்டைவிரல் அழுந்துகிறது.

"பத்துக்கு எவ்ளோ சார்?"

"மூணு."

கட்டைவிரல் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. கட்டில் விரிப்பு ஒரு கைப்பிடிக்குள் சுருங்குகிறது.

"மூணா?"

"மூணரை."

ஃபைலில் 6 என்று விழுகிறது.

பிசியோ எலும்பு மாதிரியைக் கொண்டுவருகிறார். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை பேனாவால் கோடு இழுக்கிறார். இங்கே பட்டையான நார் ஓடுகிறது. ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடக்கிறது. காலையில் முதல் அடி வைக்கும்போது அத்தனை எடையும் அதன்மேல் ஏறுகிறது. அதனால்தான் எழுந்ததும் வலி, ஓடினால் குறைகிறது, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி வலி. குறைவதால் சரியாகிறது என்று அர்த்தமில்லை. 'பிளான்டார் ஃபேசியைட்டிஸ்' என்று ஃபைலில் எழுதுகிறார்.

நோயாளி கவனமாகக் கேட்கிறார். கேள்வி ஒன்றுதான்.

"எவ்ளோ நாள் ஆகும்?"

"மாசக்கணக்கில் ஆகலாம் சார்."

"ஜனவரில ரேஸ்."

"எந்த ஜனவரி?"

"இந்த ஜனவரிதான்."

பேனா மூடி திறந்து மூடுகிறது. திறந்து மூடுகிறது.

"வாரத்துக்கு எவ்ளோ ஓடறீங்க?"

"ஐம்பது."

"பாதியாக்குங்க. வேகமெல்லாம் வேண்டாம். மேடு வேண்டாம். வலி அஞ்சுக்கு மேல போனா நிறுத்தணும். மறுநாள் காலைல முதல் அடி எப்படி இருக்குன்னு பாருங்க. அது கூடியிருந்தா முந்தின நாள் ஓட்டம் அதிகம்னு அர்த்தம்."

சீட்டில் 25 கி.மீ. என்று எழுதி அடிக்கோடு போடுகிறார். அவருடைய தலைக்கு மேல் சுவரில் ஆணி வரிசை. ஆணிகளில் ரிப்பன் கோத்த பதக்கங்கள். எல்லாம் அவருடையவை. நோயாளியின் கண் சீட்டில் இல்லை. பதக்கங்களை எண்ணிக்கொண்டிருக்கிறது.

படியிறங்கும்போது செல்பேசி வெளியே வருகிறது. பக்கவாட்டாக, கைப்பிடியைப் பிடித்தபடி, படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்குகிறார். கடைசிப் படியில் நின்று பதிவுசெய்கிறார்: வாரம் 35.

*

ஃபிரீசரில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில், உறைந்து கிடக்கிறது. யாரும் எடுத்துக் குடித்துவிடக் கூடாது என்று ஸ்டிக்கர். அதில் ஒரே சொல்: கால்.

இரவு ஒன்பது. டிவியில் செய்தி. சோபாவுக்கு முன்னால் அந்தப் பாட்டில் உருள்கிறது. குதிகாலிலிருந்து விரல் வரை, விரலிலிருந்து குதிகால் வரை. தரையில் ஈரக் கோடு. மகள் அதைத் தாண்டிப் போகப் பழகிவிட்டாள்.

ஓட்டக்காரர்களின் வாட்ஸப் குழுவில் கட்டுரை வருகிறது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற வைத்தியத்தை 1978இல் எழுதிப் பரப்பியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். 2014இல் அவரே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். படித்து முடிகிறது. பாட்டில் ஒரு கணம் நிற்கிறது. மறுபடி உருள்கிறது.

ஊரிலிருந்து மாமியார் வந்திருக்கிறார். வந்த அன்றே பார்த்துவிடுகிறார்.

"குதிகால் வாதம். எங்க அப்பாருக்கு இருந்துச்சு. எருக்க இலை கிடைக்குமா இங்க?"

கிடைக்கிறது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில். அடுக்ககத்துக் காவலாளி பறித்து வருகிறார். செங்கல்லும் அவரே தேடி எடுக்கிறார். கேஸ் அடுப்பில், தோசை சுடும் பர்னரில், செங்கல் ஏறுகிறது. கால் மணி நேரம். இடுக்கி. பழைய துண்டின் மேல் செங்கல், செங்கல் மேல் இலை, இலை மேல் குதிகால். இலை சுருண்டு பால் கக்குகிறது. பச்சை வாசனை வீடு முழுக்க நிறைகிறது.

"சூடு தாங்குதா மாப்ள?"

"தாங்குது அத்தை."

கண்ணோரம் ஈரம்.

செங்கல் ஆறியதும் பாட்டில் வருகிறது. மாமியார் பாட்டிலைப் பார்க்கிறார். ஸ்டிக்கரைப் படிக்கிறார். உள்ளே போய்ச் செங்கல்லைக் கழுவி, நாளைக்கு என்று பால்கனியில் வைக்கிறார்.

*

மாடிப்படி, இரண்டாவது மாடிக்கும் மொட்டை மாடிக்கும் நடுவே. இங்கே யாரும் வருவதில்லை. உடைந்த கொலு படி, சைக்கிள் டயர், தண்ணீர்க் கேன்.

படியின் விளிம்பில் இடது முன்பாதம். விரல்களுக்குக் கீழே சுருட்டிய துண்டு. விரல்கள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. குதிகால் அந்தரத்தில். வலது கால் மடங்கியிருக்கிறது.

மூன்று எண்ணும்வரை ஏற வேண்டும். மேலே இரண்டு எண்ணும்வரை நிற்க வேண்டும். மூன்று எண்ணும்வரை இறங்க வேண்டும். பன்னிரண்டு தடவை. சற்று ஓய்வு. மறுபடி. ஒருநாள் விட்டு ஒருநாள். நாருக்கு எடை ஏற ஏற அது பலப்படும் என்பது கணக்கு. பாரமில்லாமல் தொடங்கி, பழகப் பழகப் பாரம் கூட்ட வேண்டும்.

கெண்டைத்தசை நடுங்குகிறது. உதடு எண்ணுகிறது. ஏறும்போது மூன்று எண்ணிக்கையும் ஒழுங்காக வருகின்றன. இறங்கும்போது இரண்டாவது கொஞ்சம் அவசரப்படுகிறது.

மூன்றாவது வாரத்தில் முதுகில் பை ஏறுகிறது. பைக்குள் புத்தகம். வரவேற்பறை அலமாரியில் ஐந்து பாகமாகத் தடித்திருந்த சோழர் காலத்து நாவலின் முதல் பாகம். அடுத்த வாரம் இரண்டாம் பாகமும் சேர்கிறது. நவம்பர் நடுவில் நாலு பாகம். அலமாரியில் ஐந்தாம் பாகம் மட்டும் சாய்ந்து நிற்கிறது.

மொட்டை மாடிக்கு வடகம் எடுக்கப் போகும் கீழ்வீட்டு அம்மாள் நின்று பார்க்கிறாள். முதுகில் பள்ளிப் பை. ஒற்றைக் கால். வியர்வை.

"வேண்டுதலா?"

எண்ணிக்கையை நிறுத்த முடியாது. தலை மட்டும் ஆடுகிறது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

*

வடகிழக்குப் பருவமழை. தெருவில் கணுக்கால் தண்ணீர். பள்ளம் எங்கே, பாதாளச் சாக்கடை மூடி எங்கே என்று தெரிவதில்லை. நல்ல கால் உள்ளவர்களும் ஓடுவதில்லை. ஆரஞ்சு ஷூக்காரருக்கு நிம்மதி முகத்தில் தெரிகிறது. இந்த வாரம் நிற்பது அவருடைய குதிகாலால் இல்லை.

மழை விட்ட ஒரு மாலை, நீச்சல் குளம். ஆழமான முனை. இடுப்பில் மிதவைப் பட்டை. தலை மட்டும் வெளியே. தண்ணீருக்கடியில் கால்கள் ஓடுகின்றன. கைகள் வீசுகின்றன. ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்குப் போய்ச் சேர வெகு நேரமாகிறது. தரையில் கால் படாமல் மூச்சும் இதயமும் மட்டும் ஓடுகிற ஏற்பாடு இது.

கரையில் ரப்பர் வளையத்தோடு ஆறு வயதுப் பையன்.

"அங்கிளுக்கு ஸ்விம்மிங் தெரியாதா மாஸ்டர்?"

"ஷ்ஷ்."

வாட்சில் இதயத்துடிப்பு 148. தூரம்: பூஜ்யம்.

*

மார்கழி. ஐந்து மணிக்கே கோயில் ஒலிபெருக்கிகள் விழித்துவிடுகின்றன. வாசல்களில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். தெருவுக்கு நடுவரை கோலம். ஓட்டக்காரர்கள் வரிசையாக வந்து, வளைந்து, மறுபடி நேராகிறார்கள். ஆரஞ்சு ஷூ சற்றுத் தாமதமாகப் பார்க்கிறது. கலர்ப்பொடி மயிலின் தோகைக்கு ஒரு விரல் தூரத்தில் இடது கால் திரும்பி இறங்குகிறது. முகம் சுளிக்கிறது. பொடிக் கிண்ணத்தோடு குந்தியிருக்கும் பெண், மயிலைத்தான் சரிபார்க்கிறாள்.

இன்றைக்குத் தாளில் 32. சீட்டில் 20. கேட்டவர்களுக்கு அவர் சொன்னது: "பார்க்கலாம்."

திரு.வி.க. பாலம். கீழே அடையாறு கறுப்பாக நிற்கிறது. சாந்தோம். லைட்ஹவுஸ். காமராஜர் சாலையில் சிலைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. பலர் 1968 உலகத் தமிழ் மாநாட்டில் வந்து நின்றவர்கள். நின்ற இடத்தில் நிற்கிறார்கள்.

உழைப்பாளர் சிலை. ராய் சௌத்ரி வடித்தது. 1959இலிருந்து நான்கு பேர் பாறையைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கெண்டைத்தசையும் தொடையும் வெண்கலத்தில் புடைத்திருக்கின்றன. அதன் பீடத்தில் ஆரஞ்சு ஷூக்காரர் இரண்டு உள்ளங்கையையும் பதிக்கிறார். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. தலை குனிகிறது. பீடத்தைத் தள்ளுகிறார். முப்பது எண்ணும்வரை. ஐந்தாவது ஆள்.

குப்பை வண்டியை நிறுத்திவிட்டு மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கிறாள். ரப்பர் செருப்பைக் கழற்றிக் குதிகால் வெடிப்பில் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள். சின்ன பாட்டில், இடுப்பில் செருகியிருந்தது. தடவி முடித்துத் துடைப்பத்தோடு எழுந்திருக்கிறாள். இவர் இன்னும் இருபத்திரண்டில் இருக்கிறார்.

திரும்பும் வழியில், லைட்ஹவுஸ் அருகே, மடக்கு மேஜை. தண்ணீர், உப்புத் தூவிய எலுமிச்சை, வாழைப்பழத் துண்டு, பேரீச்சை. மேஜைக்குப் பின்னால் நாற்காலி. நாற்காலியில் மஞ்சள் தொப்பி. இளைஞனின் வலது காலில் முழங்கால் வரை கறுப்பு வாக்கிங் பூட். முன்னெலும்பில் மயிர்க்கோடு விரிசல். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. ஜனவரி அவனுக்கு இல்லை. எலுமிச்சை அரிகிறான். நன்றாகவே அரிகிறான். எல்லாத் துண்டும் ஒரே அளவு.

ஆரஞ்சு ஷூக்காரர் தம்ளரை எடுக்கிறார். கண் பூட்டில் நிற்கிறது. அங்கேயே இருந்துவிடுகிறது.

"ஹீல் எப்படி சார்?"

"ஒண்ணுமில்ல."

இளைஞன் கத்தியை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கிறான். பிறகு அடுத்த எலுமிச்சை.

வாட்ச் 21 என்கிறது. தம்ளர் குப்பைக் கூடையில் விழுகிறது. ஆரஞ்சு ஷூ இரண்டு அடி ஓடுகிறது. நடக்கிறது. பதினைந்து அடி நடக்கிறது. ஓடுகிறது. சாந்தோம் தேவாலயம் தாண்டும்வரை இப்படியே தெரிகிறது. அதற்கு அப்பால் ஒரு ஆட்டோ வேகம் குறைத்து அவர் பக்கத்திலேயே உருள்கிறது. "பெசன்ட் நகரா சார்?" என்கிறது. ஓட்டம், நடை, ஆட்டோ மூன்றும் சற்று நேரம் சேர்ந்து போகின்றன.

ஃபிரிட்ஜ் தாளில் அன்றைய கட்டம் திங்கள்கிழமைவரை காலியாக இருக்கிறது. பிறகு அதில் 24 என்று விழுகிறது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

*

ஜனவரி. போட்டிக்கு முந்தின நாள். ஓட்டக்காரர்களின் எண் அட்டையான பிப் வழங்கும் பெரிய கூடம். குளிர்சாதனம். சத்தமான பாட்டு. வரிசைகள்.

வரிசையில் நிற்பவர்களின் கால்களை மட்டும் பார்த்தால் நீலம், கறுப்பு, இளஞ்சிவப்பு டேப்புகள். முட்டிக்கு, கெண்டைக்கு, கணுக்காலுக்கு. எல்லோரும் ஒரு காலில் சாய்ந்து நிற்கிறார்கள். வரிசை ஓர் அடி நகரும்போது சாய்வும் மறு காலுக்கு மாறுகிறது. கடைகளில் ஜெல், உப்பு மாத்திரை, அழுத்தக் காலுறை, வலி ஸ்பிரே. ஸ்பிரே கடையில் கூட்டம் அதிகம்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கல்லூரிப் பெண். கழுத்தில் 'தன்னார்வலர்' அட்டை.

"ஃபுல்லா, ஹாஃபா சார்?"

கேட்ட உடனே பதில் வருவதில்லை.

"மாத்த முடியுமா?"

"டேட் முடிஞ்சுடுச்சு சார்."

"சரி. ஃபுல்."

உறுதிமொழித் தாள். 'மருத்துவ ரீதியாக முழுத் தகுதியுடன் இருக்கிறேன்' என்ற வரிக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டி. பேனா படிக்காமலே டிக் போடுகிறது. உடல் எடை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாறுகிறது. டி-ஷர்ட். கைப்பை. நாலு சேஃப்டி பின்.

"பிப் பின்னாடி எமர்ஜென்சி காண்டாக்ட் எழுதிடுங்க சார். இங்கயே எழுதிடுங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

பிப்பைக் கவிழ்க்கிறார். மனப்பாடமாக ஒரு எண்ணை எழுதுகிறார். பத்து இலக்கம், தயங்காமல். பெயர் என்ற இடத்தில் பிசியோதெரபிஸ்டின் பெயர்.

அடுத்த கட்டம்: உறவு.

பேனா நிற்கிறது.

"சார், பின்னாடி நிக்கிறாங்க."

பத்து இலக்கத்தையும் குறுக்கே அடிக்கிறார். செல்பேசியை எடுத்து, திறந்து, மனைவியின் எண்ணைத் தேடத் தொடங்குகிறார்.